குரலை இறக்குவதும் அழுத்துவதும்

சென்ற இதழில் மேடைப் பேச்சைப் பற்றி ஒரு வாசகருக்கு எழுதிய பதிலின் கடைசியில், கட்டைக் குரலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பழைய வடஆர்க்காட்டின் பல ஊர்களிலிருந்தும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். குரல் சிகிச்சையில் பல ஆண்டுகளாக இருப்பவள் என்ற முறையில், முதல் இரண்டு கடிதங்களுக்கும் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 24 வயது. குடியாத்தத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறேன். என் குரல் மெல்லியது. கூட்டத்தில் நான் பேசத் தொடங்கினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மூன்று மாதங்களாக வீடியோக்களைப் பார்த்து, தாடையை மார்போடு ஒட்டிவைத்து, அடித்தொண்டையிலிருந்து பேசிப் பழகுகிறேன். கேட்கக் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாலைக்குள் தொண்டை எரிகிறது, அடிக்கடி கனைக்க வேண்டியிருக்கிறது. இன்னும் எவ்வளவு காலம் பழகினால் இந்தக் குரல் நிலைக்கும்? (பெயர் வேண்டாம், குடியாத்தம்)

பதில்: தம்பி, அந்தப் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். எரிச்சலும் கனைப்பும் பழக்கம் போதாததால் வருபவை அல்ல. குரல்நாண்கள் அடிபடுவதால் வருபவை.

நம் பக்கத்தில் கொரவளை என்று சொல்லும் குரல்வளைக்குள் குரல்நாண்கள் என்னும் இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன. ஆண்களுக்கு அவற்றின் நீளம் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டு மூன்று நெல்மணிகளை நுனியோடு நுனி வைத்தால் வரும் நீளம்தான். நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றின் இடையே புகுந்து வரும்போது, பேசும் ஆணுக்கு ஒரு நொடியில் சுமார் 85 முதல் 155 முறை வரையிலும், பெண்ணுக்கு 165 முதல் 255 முறை வரையிலும் இவை திறந்து மூடுகின்றன. சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பிடிக்கிற ஆதார ஸட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 130 அதிர்வு. பெரும்பாலான ஆண்களின் பேச்சு அதை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் நடக்கிறது. மடிப்பு நீளமாகவும் தடிமனாகவும் தளர்வாகவும் இருந்தால் குரல் தாழும். இழுபட்டு மெலிந்தால் உயரும். இவற்றில் நீளத்தையும் தடிமனையும் பிறப்பும் பருவமும் தீர்மானித்துவிடுகின்றன. 24 வயதில் எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது.

அப்படியானால் மாற்றக்கூடியது எது? நீங்கள் உங்கள் குரலின் எந்த இடத்தில் நின்று பேசுகிறீர்கள் என்பதை மாற்றலாம். கூட்டத்தில் மேலாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கழுத்துத் தசைகள் இறுகி, குரல்வளை மேலே ஏறி, குரலும் இரண்டு மூன்று ஸ்வரம் உயர்ந்துவிடுகிறது. அதே மனிதர் இரவில் நண்பரோடு திண்ணையில் பேசும்போது குரல் தானாகத் தன் இடத்துக்கு இறங்குகிறது. இந்த இறங்கிய இடம் உங்களுக்கே உரியது. கடன் வாங்க வேண்டியதில்லை. நீங்களோ அதையும் தாண்டி, உங்கள் குரல் எட்டக்கூடிய கடைசிப் படியில் போய் நின்றுகொண்டு, நாள் முழுவதும் அங்கிருந்தே பேச முயல்கிறீர்கள். அந்தக் கடைசிப் படியில் குரல்நாண்களின் பின்முனைகள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. நீண்ட நாள் மோதினால் அங்கே புண்ணும், புண்ணின் மேல் சதை வளர்ச்சியும் உண்டாகும். குரலைக் கீழே அழுத்திப் பேசுபவர்களிடமும், ஓயாமல் கனைப்பவர்களிடமும், வயிற்று அமிலம் மேலேறும் தொல்லை உள்ளவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றில் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரிடம் குரல்நாண்களை ஒருமுறை காட்டிவிட்டுப் பிறகு பயிற்சிக்கு வாருங்கள்.

உங்கள் இயல்பான இடத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. யாராவது கதை சொல்லும்போது நாம் 'ம்' கொட்டுகிறோமே, அந்த 'ம்' எந்தச் சுருதியில் விழுகிறதோ, அதுதான் குரல்வளை எந்த வம்பும் செய்யாமல் இருக்கும் இடம். உதட்டை மூடி, பற்களைச் சற்று விலக்கி, அந்த 'ம்'மை நீட்டுங்கள். உதட்டிலும் மூக்கின் இரு பக்கங்களிலும் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். தொண்டையில் எதுவும் தெரியக் கூடாது. அங்கிருந்து வாயைத் திறந்து 'மா', 'மோ', 'மாலை', 'மாமரம்' என்று போங்கள். பிறகு அதே சுருதியில் உங்கள் வேலையில் தினமும் சொல்லும் வாக்கியம் ஒன்றைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உறிஞ்சுகுழல் பயிற்சி. ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ராவை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் மட்டும் அமிழ்த்தி, அதன் வழியாக 'ஊ' என்று சீராகக் குமிழி விடுங்கள். குழல் காற்றைச் சற்றுத் தடுப்பதால் பின்னழுத்தம் ஒன்று உண்டாகி, குரல்நாண்கள் மோதாமல் மென்மையாக அதிர அது துணைசெய்கிறது. குரல் மருத்துவத்தில் உலகெங்கும் இந்தப் பயிற்சியைக் கையாள்கிறோம். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் போதும்.

மூச்சு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லவந்த தொல்காப்பியர், உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்துதான் தொடங்குகிறார். உந்தி என்றால் கொப்பூழ். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, மூச்சு இழுக்கும்போது புத்தகம் உயர்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டை உயர்ந்தால் அந்த மூச்சு பேச்சுக்கு உதவாது. நம் மொழிக்கு இது கூடுதலாகத் தேவைப்படுகிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; அதற்கு முன்பே மூச்சு தீர்ந்துவிட்டால், வாடிக்கையாளர் தவணையைக் கட்டிவிட்டார் என்கிறீர்களா, கட்டவில்லை என்கிறீர்களா என்பதே எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. கூட்டத்தில் உங்களை யாரும் நிமிர்ந்து பார்க்காததற்குக் குரலின் மென்மையைவிட இந்த விழுங்கப்பட்ட கடைசிச் சொல்லே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீளமான வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். கடைசிச் சொல்லை முழுமையாகச் சொல்லி, குரலை அங்கே மெதுவாக இறக்கி நிறுத்துங்கள்.

செய்யாறு, புரிசைப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். துரியோதனன் வேடம் கட்டியவர் திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டு, முகவீணைக்கு ஈடுகொடுத்து, உச்சத்தில் பாடுகிறார். விடிய விடியப் பாடுகிறார். கூட்டத்தின் கடைசியில் துண்டை விரித்துப் படுத்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்கிறது. அது கட்டைக் குரல் அல்ல. ஆனாலும் அதைக் கேட்டுத் துரியோதனனை எளியவன் என்று எவரும் நினைத்ததில்லை. மைக் இல்லாத மேடையில் தாழ்ந்த குரல் சில வரிசைகளைத் தாண்டுவதே கடினம் என்பதால், அந்தக் காலத்து நாடக நடிகர்களும் உயர்ந்த கட்டையிலேயே பாடினார்கள். தாழ்ந்த குரலுக்கு இன்று கிடைக்கும் மதிப்பில் ஒலிபெருக்கிக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கைப்பேசியில் பதிவுசெய்து கேட்கும்போது உங்கள் குரல் இன்னும் மெலிந்து கேட்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நம் குரலை நாம் காற்றின் வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கிறோம். எலும்பு தாழ்ந்த அதிர்வுகளை நன்றாகக் கடத்துவதால், நமக்கு மட்டும் நம் குரல் சற்றுக் கனமாகத் தெரிகிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. முன்பு பதிவுசெய்ததோடு இப்போதையதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பதிவைப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று மாதங்களில் வேறுபாடு காதுக்குத் தெரியும். ஆம்பூர் பிரியாணியை இரவு பதினோரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுக்கும் வழக்கம் இருந்தால், வயிற்று அமிலம் மேலேறாமல் இருக்க, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். காலைக் கனைப்பில் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: வணக்கம் அம்மா. வயது 21, பொறியியல் மாணவன். மீசை, தாடி எல்லாம் ஒழுங்காக வளர்ந்துவிட்டன. குரல் மட்டும் சிறுவன் குரலாகவே இருக்கிறது. போனில் பேசினால் 'சொல்லுங்க மேடம்' என்கிறார்கள். கல்லூரி வாய்மொழித் தேர்வில் பேசவே பயமாக இருக்கிறது. இருமும்போது மட்டும் அப்பா குரல் மாதிரி கட்டையாக வருகிறது. அப்பாவோ, போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார். (வாணியம்பாடி)

பதில்: தம்பி, இருமலைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரி எனக்குப் பெரிய நிம்மதியைத் தந்தது. இருமும்போதும் சிரிக்கும்போதும் கட்டையான ஒலி வருகிறது என்றால், உங்கள் குரல்வளை வளர வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிட்டிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வளர்ந்த கருவியை நீங்கள் சிறுவயதுப் பழக்கத்திலேயே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் பியூபர்ஃபோனியா என்கிறோம். குரல் மருத்துவத்தில் விரைவாகவும் முழுமையாகவும் சரிசெய்யக்கூடிய தொல்லைகளில் இது ஒன்று.

பழைய நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு என்றொரு சொல் வழங்கியது. பெண் வேடமும் சிறுவன் வேடமும் கட்டிப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு 13, 14 வயதில் குரல் உடைந்ததும், மகரக்கட்டு வந்துவிட்டது என்று சொல்லி அவனைப் பாட்டிலிருந்து ஒதுக்கிவைப்பார்கள். ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனின் தூண்டலால் குரல்வளை பெருத்து, குரல்நாண்கள் நீண்டு, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும் பருவம் அது. இறங்கும் வழியில் குரல் தட்டுத்தடுமாறும். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூசியோ, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பழைய குரலை விட மனம் வராமலோ, சில பையன்கள் தங்களை அறியாமலேயே குரல்வளையை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த பிடி அப்படியே பழகிப்போகிறது. இதில் ஆண்மைக் குறைவு எதுவும் இல்லை. உங்கள் மீசையும் தாடியுமே அதற்குச் சாட்சி.

போகப்போகச் சரியாகும் என்று 21 வயதில் காத்திருக்க வேண்டாம். வேலூருக்கு வந்து சி.எம்.சி. மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். குழாய்க் கருவி ஒன்றின் வழியாகக் குரல்நாண்களைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் காது கேட்கும் திறனையும் சோதிப்பார்கள், ஏனென்றால் கேள்விக் குறைவும் குரல் இறங்காததற்குக் காரணமாகலாம். பிறகு பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். வெளியில் ஒருவரை நாடுவதாக இருந்தால், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுசெய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகிச்சை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்; தெரிந்தால் பயம் குறையும். முதலில் உங்களை இருமச் சொல்வோம். அந்த இருமலின் வாலைப் பிடித்து 'ஆ' என்று நீட்டச் சொல்வோம். சிலருக்குக் குரல்வளையின் முன்பக்கத்தை விரலால் மென்மையாகக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொள்வோம். இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். பலருக்கு முதல் அமர்விலேயே கட்டைக் குரல் வெளிப்பட்டுவிடும். அந்தக் கணத்தில் எதிரே இருக்கும் பையனின் முகம் மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பழகுவதில்லை. பலருக்கும் கண் கலங்கிவிடும்.

குரல் வெளிப்படுவதைவிட அதைத் தக்கவைப்பதுதான் சில வாரங்கள் எடுக்கும். புதிய குரல் தன்னுடையது இல்லை என்று தோன்றும். வீட்டில் பேசக் கூச்சமாக இருக்கும். ஆகவே தெரியாதவர்களிடம் தொடங்குங்கள். பேருந்தில் 'காட்பாடி ஒண்ணு' என்று டிக்கெட் கேளுங்கள். நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி விலை கேளுங்கள். உங்கள் பழைய குரல் அவர்களுக்குத் தெரியாது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு நண்பர்கள், கடைசியாக வீடு. பயிற்சி பலன் தராத மிகச் சிலருக்கு, குரல்நாண்களின் இழுவிசையைத் தளர்த்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர் நோபுஹிகோ இஷ்ஷிகி 1974-இல் வகைப்படுத்திய குரல்வளைக் குருத்தெலும்பு அறுவைகளில் மூன்றாவது வகை அது. உங்களுக்கு அது தேவைப்படும் என்று உங்கள் கடிதத்தைப் படித்து எனக்குத் தோன்றவில்லை.

போன் பற்றியும் ஒரு சொல். மரபான தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அதிர்வுகளைக் கடத்துவதில்லை. ஆணின் அடிப்படைச் சுருதியே அதற்கு வெகு கீழே இருப்பதால், போனில் எல்லோரும் மெலிந்தே கேட்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் யாராவது ஒருமுறை 'மேடம்' என்று சொல்லிவிட்டால், எல்லாம் வீணாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: காட்பாடிக்கு அருகே ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் குரல் கீச்சென்று இருப்பதால் பிள்ளைகள் அடங்குவதில்லை. ஆண் ஆசிரியர் போலக் கம்பீரமாகப் பேச என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமைக்குள் குரல் கம்மிவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புகிறது.

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைவிட அதன் கடைசி வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வாரந்தோறும் கம்முகிற குரல், குரல்நாண்களில் முடிச்சு விழத் தொடங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். ஆசிரியைகளுக்கு இது அதிகம். எவருக்கும் குரல் கம்மல் தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காரணம் எதுவாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஆண் ஆசிரியரின் குரல் உங்களுக்கு வேண்டாம். கத்தினால் எவர் குரலும் உயரவே செய்யும். தாழ்ந்த குரலில் கத்த முயல்வது குரல்நாண்களை இரட்டிப்பாக அடிப்பதாகும். இரண்டு மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் நாற்பது பிள்ளைகளின் பேச்சுக்கும் மேலே குரலை உயர்த்துவதை விட்டுவிட்டு, மேசையைத் தட்டியோ கையைத் தட்டியோ அமைதி வந்த பிறகு பேசத் தொடங்குங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கி வாங்க முடிந்தால் தயங்காமல் வாங்குங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேச வேண்டாம். சித்திரை வெயிலில் தண்ணீர் பாட்டில் மேசையிலேயே இருக்கட்டும். பீரியடுக்கு இரண்டு மூன்று வாய் குடியுங்கள். முதல் கடிதத்துக்குச் சொன்ன 'ம்' பயிற்சியும் உறிஞ்சுகுழல் பயிற்சியும் உங்களுக்கும் பொருந்தும். கீச்சுத் தன்மை பெரும்பாலும் இறுகிய தாடையிலிருந்து வருகிறது. கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து, ஆ, ஓ ஆகிய நெடில்களுக்கு உரிய நீளத்தைக் கொடுத்துப் பாடத்தை வாசித்தால், சுருதி மாறாமலேயே குரல் அகலமாகக் கேட்கும்.

கேள்வி: அதிமதுரம், சித்தரத்தை, பச்சை முட்டை இவற்றில் எது குரலைக் கட்டையாக்கும்? பீடி குடித்தால் குரல் கனக்கும் என்று நண்பர் சொல்கிறார், உண்மையா? ஜிம்மில் ஊசி போட்டால் குரல் மாறுமா? (இராணிப்பேட்டை)

பதில்: நாம் விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். அதிமதுரமும் சித்தரத்தையும் தொண்டைக் கரகரப்புக்கு இதமளிக்கும், சுருதியை இறக்காது. பச்சை முட்டைக்கு அந்த இதம்கூட இல்லை. பீடி, சிகரெட்டால் குரல் கனப்பது உண்மைதான், ஆனால் குரல்நாண்கள் வீங்கி நீர்கோத்துக்கொள்வதால் வரும் கனம் அது. அதே புகைதான் குரல்வளைப் புற்றுநோய்க்கும் முதற்காரணம். ஊசியின் பக்கமே போக வேண்டாம். வெளியிலிருந்து ஏற்றும் ஆண் சுரப்பு, உடல் தானாகச் சுரப்பதை நிறுத்தி, விந்து உற்பத்தியையும் குறைத்துவிடும். பெண்கள் போட்டுக்கொண்டால் குரல் இறங்கும். பிறகு ஏறவே ஏறாது.

கேள்வி: ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 13 வயது. கோயில் பஜனையில் நன்றாகப் பாடுவான். இரண்டு மாதமாகக் குரல் உடைந்து உடைந்து வருகிறது. பாட்டை நிறுத்திவிடலாமா? மருந்து ஏதாவது தேவையா?

பதில்: மருந்து தேவையில்லை அம்மா. மேலே சொன்ன மகரக்கட்டுதான் இது. சில மாதங்களிலிருந்து ஓராண்டுக்குள் பெரும்பாலும் நிலைத்துவிடும். பாட்டை நிறுத்த வேண்டாம். குரல் எந்தச் சுருதியில் எளிதாக நிற்கிறதோ அதில் பாடட்டும், பழைய உச்சத்தைத் தொட வற்புறுத்த வேண்டாம். பஜனை நடத்தும் பெரியவரிடம் இதைச் சொல்லி, கொஞ்ச காலம் கூட்டத்தோடு மட்டும் பாடவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் உறவினர்கள் அவன் குரலைப் பேசிக்காட்டிச் சிரித்தால், அவன் எதிரிலேயே அவர்களைத் தடுத்துவிடுங்கள். இரண்டாவது கடிதம் எழுதிய பிள்ளையின் தொல்லை இப்படிப்பட்ட ஒரு சிரிப்பில் தொடங்கியிருக்கலாம். 16 வயது தாண்டியும் குரல் மேலேயே நின்றுவிட்டால், தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்.